‘ஸேத்’: ஒரு நார்வேஜியப் பெயரடையின் வேர் வரை போகும் வழி

பஸ்ஸில் அந்நியரிடம் வாய் திறக்க மாட்டார்கள் என்று பெயர் வாங்கியவர்கள் நார்வேக்காரர்கள். ஆனால் பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குழந்தை சிரித்துவிட்டால் அவர்களுக்கும் ஒரு சொல் வந்துவிடும்: ‘ஸேத்’. அழகாக இருக்கிறதே, செல்லமாக இருக்கிறதே என்று பொருள். காபியில் சர்க்கரை கூடிப்போனாலும் இதே சொல்தான். அடிப்படையில் ‘ஸேத்’ என்றால் இனிப்பான, இனிய.

ஒரு சொல்லின் வேரைத் தேடுவது எப்படி என்பதை இந்த ஒற்றைச் சொல்லை வைத்தே காட்டப்போகிறேன். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சொல்லாராய்ச்சியில் நடக்கும் முக்கியமான நிகழ்வுகள் பலவும் இந்தச் சிறிய சொல்லுக்குள் நடந்திருக்கின்றன. கூடவே, தமிழர்கள் கண்டிப்பாகத் தடுக்கி விழும் குழி ஒன்றும் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கடைசியில் வருவோம்.

தொடங்கும் முன்: காதைத் தயார் செய்தல்

‘ஸேத்’ என்று எழுதுவது ஒரு சமரசம். ‘ஏ’ சொல்ல நாக்கை எங்கே வைப்பீர்களோ அங்கேயே வைத்துக்கொண்டு, ‘ஓ’ சொல்வதுபோல் உதட்டை மட்டும் குவியுங்கள். அந்த ஒலி தமிழில் இல்லை, நார்வேஜியத்தில் உண்டு. இந்தக் கட்டுரையில் ‘ஸேத்’ என்று வரும்போதெல்லாம் உதட்டைக் குவித்துப் படியுங்கள்.

அடுத்தது தகரம். நாம் ஒரே எழுத்தால் இரண்டு ஒலிகளை எழுதுகிறோம். ‘தலை’ என்பதில் வரும் த வேறு. ‘பந்து’, ‘பாதி’ ஆகியவற்றில் வரும் த வேறு. முன்னதில் தொண்டை அதிர்வதில்லை, பின்னதில் அதிர்கிறது. தமிழுக்கு இந்த வேறுபாடு பொருளை மாற்றாது என்பதால் நாம் கவலைப்படுவதில்லை. இந்த ஆராய்ச்சிக்கோ இதுதான் உயிர்நாடி. ஆகவே அவற்றைத் ‘தலை-த’ என்றும் ‘பந்து-த’ என்றும் அழைக்கிறேன். ஸேத் சொல்லின் இறுதியில் இருப்பது தலை-த. சொல்லின் நடுவில் ‘த்து’ என்று இரட்டித்து எழுதினால் தலை-த, ‘து’ என்று ஒற்றையாக எழுதினால் பந்து-த என்று கொள்ளுங்கள். தமிழில் இயல்பாகவே அப்படித்தானே ஒலிக்கிறோம்.

முதல் படி: இன்றைய சொல்லை முழுதாகப் பாருங்கள்

வேரைத் தேடப் புறப்படும் பலர், இலையைப் பார்க்காமலே மண்ணைத் தோண்டுகிறார்கள். முதலில் அகராதிக்குப் போங்கள். நார்வேஜியத்துக்கு இரண்டு எழுத்து வழக்குகள்: பூக்மோல், நீநோர்ஸ்க். இரண்டுக்கும் பெர்கன் பல்கலைக்கழகமும் அரசின் மொழிக் கழகமும் சேர்ந்து இணையத்தில் இலவச அகராதி வைத்திருக்கின்றன. ஸேத் இரண்டிலும் ஒரே வடிவில் இருக்கிறது. ஒரு சொல் இரு வழக்கிலும் இருந்தால் அது பழஞ்சொத்தாக இருக்க வாய்ப்பு கூடுதல். உறுதி அல்ல, வாய்ப்பு மட்டுமே.

பொருளையும் கூட்டுச்சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மிட்டாய் வகைகள் ‘ஸேத் பொருள்கள்’. சர்க்கரைவள்ளிக் கிழங்கு ‘ஸேத் உருளை’. பால் பிரித்த நீரைச் சுண்டக் காய்ச்சி, அதிலுள்ள பால்சர்க்கரை பழுப்பேறும்வரை கிளறிச் செய்யும் பழுப்புப் பாலாடைக்கட்டியின் சுவையும் ஸேத்தான். நம் ஊர் திரட்டுப்பாலுக்குத் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றுகிறது.

எந்த இடத்தில் சொல் வரவில்லை என்பதும் செய்திதான். கடல்நீர் அல்லாத நல்ல நீரை ஸ்வீடன்காரர்களும் ஜெர்மன்காரர்களும் ‘இனிப்பு நீர்’ என்பார்கள். நார்வேக்காரர்களோ ‘புதுநீர்’ என்கிறார்கள். நாம் நன்னீர் என்கிறோம். மூன்று வழியிலும் உப்பில்லை என்பதை நேராகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இலக்கண வடிவங்களையும் எழுதி வையுங்கள்: ஸேத் என்பது பொது வடிவம்; அஃறிணைபோல நடக்கும் ‘நடுப்பால்’ பெயருக்கு முன் ஸேத்த்; பன்மைக்கு ஸேத்தெ. அந்த நடுப்பால் வடிவில் கூடுதலாக ஒட்டியிருக்கும் த் மேல் ஒரு கண் இருக்கட்டும். அதற்கென்று தனிக் கதை இருக்கிறது.

இரண்டாம் படி: நாட்டுக்குள்ளேயே பின்னோக்கி நடங்கள்

1907-க்கு முந்தைய நார்வே நூல்களில் இந்தச் சொல்லைத் தேடினால் வேறு வடிவில் கிடைக்கும். நார்வே 1814 வரை பல நூற்றாண்டுகள் டென்மார்க்கோடு பிணைந்திருந்தது. எழுத்து மொழி டேனிஷ். டேனிஷில் உயிரெழுத்தை அடுத்த தலை-த மெலிந்து பந்து-த ஆகி, பிறகு இன்னும் குழைந்துவிட்டது. அதனால் நார்வேக்காரர்கள் வாயில் ஒன்றும் பேனாவில் ஒன்றுமாக வாழ்ந்தார்கள். 1907 எழுத்துச் சீர்திருத்தம் பெருவாரியான நார்வேஜியரின் வாயிலிருந்த வல்லொலிகளை எழுத்துக்கும் கொண்டுவந்தது. ஆகவே ஃபால்க், தோர்ப் என்னும் இரு அறிஞர்கள் 1903-க்கும் 1906-க்கும் இடையே வெளியிட்ட பெரிய சொற்பிறப்பு அகராதியைப் புரட்டும்போது, இன்றைய எழுத்தில் தேடிவிட்டு “இல்லை” என்று மூடிவிடாதீர்கள். டேனிஷ் எழுத்தில், பந்து-த கொண்ட வடிவில் தேடுங்கள். தென்கடலோர வட்டாரங்களில் இன்றும் பந்து-தகரத்தோடு பேசும் பகுதி ஒன்று உண்டு; ‘மென்மையான கரையோரம்’ என்றே அதற்குப் பெயர்.

இன்னும் பின்னே போனால் இடைக்காலத்தின் பழநோர்ஸ் மொழி. அங்கே வடிவம் ‘ஸேத்ர்’, நெடில் ஏ, குவிந்த உதடு. இறுதி ‘ர்’ ஆண்பால் எழுவாய் விகுதி. நார்வேஜியம் அதை உதிர்த்துவிட்டது. ஐஸ்லாந்து மொழி இன்னும் ‘ஸைத்துர்’ என்று வைத்திருக்கிறது. ஃபாரோ தீவுகளிலும் ‘ஸேத்துர்’ உண்டு. இந்த ர் ஒரு காலத்தில் ஸ் ஆக இருந்தது. சமஸ்கிருதத்தில் ‘ஸ்வாதுஸ்’ என்ற எழுவாய் வடிவின் கடைசி ஸ், லத்தீன் சொற்களின் கடைசி ஸ் இரண்டும் இதன் உடன்பிறப்புகள். அவசரப்பட்டு முடிவைச் சொல்லிவிட்டேன், படிப்படியாகவே போவோம்.

மூன்றாம் படி: உடன்பிறப்புகளை ஒரே வரிசையில் நிறுத்துங்கள்

இப்போது பக்கத்து மொழிகள். நார்வேஜியத்தோடு சேர்த்து இவற்றை ஜெர்மானிய மொழிகள் என்பார்கள். ஸ்வீடிஷ் ஸேத் (இதிலும் குவிந்த ஏ). டச்சு ‘ஸூத்’. ஜெர்மன் ‘ஸ்யூஸ்’. ஆங்கிலம் ‘ஸ்வீட்’; தமிழ்நாட்டு ஸ்வீட் ஸ்டால் பலகைகள் எல்லாவற்றிலும் இருக்கும் அதே சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வேத்தெ’. தொல் சாக்ஸன் என்ற, ஒன்பதாம் நூற்றாண்டு அளவில் வட ஜெர்மனியில் எழுதப்பட்ட மொழியில் ‘ஸ்வோத்தி’.

எனக்கு இந்தத் தொல் சாக்ஸன் சாட்சிமேல் தனிப் பிரியம். மற்றவர்கள் ஆளுக்கொன்றாகத் தொலைத்ததை எல்லாம் அது ஒரே இடத்தில் வைத்திருக்கிறது: வகரம், ஓகாரம், ஈற்று இகரம். மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரிக்கலாம்.

முதலில் வகரம். ஆங்கிலத்தில் ‘ஸ்வ’, நார்வேஜியத்தில் வெறும் ‘ஸ’. எது மூத்தது? இந்தக் கேள்விக்குத் தமிழ் படித்தவர் திணற வேண்டியதில்லை. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கு உயிரும் வகரத்தோடு சேர்ந்து சொல் முதலில் வராது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. உதடு குவியும் உயிருக்கு முன்னால், உதட்டால் பிறக்கும் வகரம் கரைந்துவிடும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதானே. அதே நான்கு உயிர்களின் முன்னால் பழநோர்ஸும் வகரத்தைக் கைவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லுக்கு ‘வேர்ட்’, நார்வேஜியத்தில் ‘ஊர்’ (எழுத்தில் கடைசியில் ஒரு ட் உண்டு, வாயில் இல்லை). ஓநாய்க்கு அங்கே ‘வுல்ஃப்’, இங்கே ‘உல்வ்’. கம்பளிக்கு அங்கே ‘வுல்’, இங்கே ‘உல்’. ஆங்கிலேயரின் பழைய ‘வோடன்’ தெய்வம் இங்கே ‘ஓதின்’. மொழிகளுக்கிடையே உறவு எதுவும் இல்லாமலே, வாயின் அமைப்பு ஒன்றாக இருப்பதால் வந்த ஒற்றுமை இது.

எதிர்ச்சோதனை செய்யாமல் எந்த விதியையும் நம்பக் கூடாது. வியர்வைக்கு நார்வேஜியத்தில் ‘ஸ்வெத்தெ’. அதில் வகரம் நிற்கிறது. ஏன்? அடுத்து வருவது குவியாத உயிர். வகரம் போன இடத்தில் ஓகாரம் இருந்தது, நின்ற இடத்தில் இல்லை. விதி சோதனையில் தேறியது. ஆகவே ஸேத் சொல்லில் ஒரு காலத்தில் வகரமும் ஓகாரமும் இருந்திருக்கின்றன.

அப்படியானால் அந்த ஓகாரம் எப்படி ஏகாரச் சாயல் பெற்றது? ஈற்று இகரத்தின் வேலை. பேச்சுத் தமிழில் இலை ‘எலை’ ஆகிறது, புகை ‘பொகை’ ஆகிறது; பின்னால் வரும் உயிர் முன்னால் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கிறது. ஜெர்மானிய மொழிகளில் பின்னால் இகரமோ யகரமோ வந்தால், முன்னால் உள்ள ஓகாரத்துக்கு நாக்கு முன்னே வந்துவிடும், உதடு மட்டும் குவிந்தபடியே இருக்கும். பிறகு அந்த இகரம் மறைந்துபோகும். இதற்கு யாக்கோப் கிரிம் வைத்த பெயர் உம்லவுட். நார்வேஜியத்தில் ஒரு பாதம் ‘ஃபூத்’, பல பாதங்கள் ‘ஃபேத்தெர்’. ஆங்கிலத்தின் ஃபுட், ஃபீட் இரண்டுக்கும் இடையே உள்ள மர்மமும் இதுவே. ஃபீட் எப்படி ஈகாரம் பெற்றதோ அதே பாதையில்தான் ஸ்வீட் சொல்லும் வந்தது.

ஜெர்மன் ‘ஸ்யூஸ்’ கடைசியில் ஸ் வைத்திருப்பது உங்களைக் குழப்ப வேண்டாம். தென் ஜெர்மன் பேச்சு, உயிருக்குப் பின் வந்த தலை-தகரத்தை ஸகரமாக்கிவிட்டது. தண்ணீர் ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வாஸர். பாதம் அங்கே ஃபூஸ்.

சாட்சிகளைக் கூட்டினால், எழுத்தில் எங்கும் கிடைக்காத, ஆனால் எல்லாரும் சுட்டும் ஜெர்மானிய மூல வடிவம் கிடைக்கிறது: *ஸ்வோத்துஸ். முன்னால் உள்ள நட்சத்திரக் குறி, “இது மீட்டெடுக்கப்பட்ட வடிவம், எந்தக் கல்லிலும் ஏட்டிலும் இல்லை” என்ற நேர்மையான ஒப்புதல். நட்சத்திரம் இல்லாமல் மூல வடிவங்களை அள்ளி வீசும் கட்டுரைகளைக் கண்டால் ஒரு அடி தள்ளி நில்லுங்கள்.

மூல வடிவம் ‘உ’ என்று முடியும்போது, உம்லவுட் செய்த இகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் கூர்மையான வாசகர். உகர ஈற்றுப் பெயரடைகளின் பெண்பால் வடிவத்தில் ஈகாரம் இருந்தது; சமஸ்கிருதத்தில் ஆண்பால் ஸ்வாது, பெண்பால் ஸ்வாத்வீ என்பதுபோல. ஜெர்மானியத்தில் அந்த இகர, யகரச் சாயல் மெல்ல மற்ற வடிவங்களுக்கும் பரவிவிட்டது.

நான்காம் படி: பெரிய ஆற்றைக் கடத்தல்

ஜெர்மானிய மொழிகளும் சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே பழைய மூலமொழியிலிருந்து பிரிந்த கிளைகள். ஜெர்மானியக் கிளையிலிருந்து வெளியே போக ஒரு பாலம் வேண்டும். அதற்கு கிரிம் விதி என்று பெயர். தேவதைக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822-இல் அதை ஒழுங்கு செய்து எழுதினார். ஆனால் டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க் அதன் சாரத்தை 1818-இல் அச்சிட்ட நூலிலேயே காட்டிவிட்டார். விதிக்கு ராஸ்கின் பெயர் இல்லாதது எனக்கு எப்போதும் உறுத்தும். மனிதர் அதன்பின் பாரசீகம், இந்தியா வழியாக இலங்கைவரை வந்து, பாலி, சிங்களச் சுவடிகளோடு 1823-இல் கோபன்ஹேகன் திரும்பினார்.

நமக்கு வேண்டிய பகுதி சிறியது: மூலமொழியின் பந்து-த ஜெர்மானியத்தில் தலை-த ஆகும். சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் பந்து-தகரத்தை அப்படியே வைத்திருக்கின்றன. சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களைக் கொண்டே இதைச் சரிபார்க்கலாம். தசமியில் உள்ள பத்து, நார்வேஜியத்தில் ‘தீ’. பாதம் ‘ஃபூத்’ (இங்கே பகரம் ஃபகரம் ஆனது அதே விதியின் இன்னொரு முகம்). உபநிஷதம் என்ற சொல்லின் உள்ளே ‘அமர்தல்’ என்ற பொருளில் ஒரு ‘ஸத்’ இருக்கிறது, அதன் தகரம் பந்து-த. நார்வேஜியத்தில் அமர்வது ‘ஸித்தெ’. வியர்வை சமஸ்கிருதத்தில் ‘ஸ்வேத’, நார்வேஜியத்தில் சற்று முன் பார்த்த ‘ஸ்வெத்தெ’.

உயிரெழுத்துக்கும் ஒரு மாற்றம் உண்டு. பழைய ஆகாரம் ஜெர்மானியத்தில் ஓகாரம். லத்தீன் ‘மாதெர்’, சமஸ்கிருத ‘மாதா’, பழநோர்ஸ் ‘மோதிர்’.

இப்போது *ஸ்வோத்துஸ் சொல்லைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஓகாரத்தை ஆகாரமாக்குங்கள், தலை-தகரத்தைப் பந்து-தகரமாக்குங்கள். கையில் கிடைப்பது ஸ்வாதுஸ். விதிகள் மட்டும் தெரிந்த, சமஸ்கிருதம் அறியாத ஒருவர்கூட நார்வேயில் உட்கார்ந்துகொண்டு இந்த வடிவத்தைக் கணித்துவிட முடியும்.

ஐந்தாம் படி: வெளி உறவினர் வீடுகளுக்குப் போதல்

சமஸ்கிருத ‘ஸ்வாது’ இருக்கும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ரிக்வேதம் முதல் மண்டலத்தின் 164-ஆம் பாடலில் வரும் இரு பறவைகளின் உவமை. ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று இனிய பழத்தைத் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிற்பாடு முண்டக உபநிடதமும் இதை எடுத்துக்கொண்டது. அங்கே ‘ஸ்வாது அத்தி’ என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன, புணர்ச்சியில் ‘ஸ்வாத்வத்தி’. ‘இனியதைத் தின்கிறது’. ‘அத்தி’யின் வேர் ‘அத்’, பந்து-த. அதன் நார்வேஜிய உறவு ‘ஏத்தெ’, தின்னுதல். பூக்மோலில் விலங்குகள் தின்பதற்கும் மனிதர் வாரி விழுங்குவதற்கும் அது போகும். மரியாதையாக உண்பதற்கு வேறு வினை. நம் உண்-தின் வேறுபாடு மாதிரி. வேதகால அடியின் இரண்டு சொற்களையும் அப்படியே ‘ஸேத்த் ஏத்தெர்’ என்று நார்வேஜியச் சொற்களால் எதிரொலிக்கலாம். இரண்டிலும் ஒரே பந்து-த, ஒரே தலை-தவாக மாறியிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த அடியில் வரும் பழம் அரச மரத்தின் பழம், அத்தி இனம். ‘அத்தி’ என்று கேட்டதும் தமிழ்க் காது பழத்தையே கேட்கும்! ஆனால் அங்கே அத்தி என்பது வினைமுற்று. தற்செயல் எவ்வளவு அழகாக வேடம் போடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கிரேக்கத்தில் வடிவம் ‘ஹேதுஸ்’. ஸ்வ எங்கே? சொல் முதலில் ஸகரம் கிரேக்கத்தில் ஹகரமாகிவிடும். சிந்துவைப் பாரசீகர் ஹிந்து என்ற கதைதான். கிரேக்கத்தில் அது தனியாக நடந்தது. ஏழு சமஸ்கிருதத்தில் ஸப்த, லத்தீனில் ஸெப்தெம், கிரேக்கத்தில் ஹெப்தா. இன்பத்துக்கு கிரேக்கர் வைத்த ‘ஹேதொனே’ என்ற பெயரும் இந்த வேரே. இன்பமே வாழ்வின் இலக்கு என்னும் ஹெடோனிசம் அதிலிருந்து வந்தது.

லத்தீன் ‘ஸ்வாவிஸ்’ தகரத்தையே காணாமல் அடித்துவிட்டது. வகரத்தின் முன் அது கரைந்தது. ஆனால் பக்கத்து வினையான ‘ஸ்வாதேரெ’யில் தகரம் பத்திரமாக இருக்கிறது. பொருள்: இனிமையாக்கிக் காட்டுதல், அதாவது இணங்க வைத்தல். ஆங்கிலத்தில் பெர்சுவேட் என்று நாம் அறிவது அதன் வழி வந்தது. ஒருவரை வழிக்குக் கொண்டுவருவது என்றால் அவர் நாக்கில் எதையாவது இனிப்பாகத் தடவுவது என்று ரோமர் நினைத்திருக்கிறார்கள். பிழை சொல்ல முடியவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் பெண்பெயர் ‘ஸைவ்’ இந்த வேரின் வாரிசு (சைவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சொல்லிவிட்டேன்). மத்திய ஆசியாவில் அழிந்துபோன தொக்காரிய மொழியில் ‘ஸ்வாரெ’. லித்துவேனியத்தில் ‘ஸூதீதி’ என்றால் உப்பிடுதல்! இனிப்பு எப்படி உப்பானது? சமஸ்கிருதத்தில் இந்த வேர் வினையாக வரும்போது உணவுக்குச் சுவையேற்றுதல் என்ற பொருளும் உண்டு. ஆக, மூலச் சொல் சர்க்கரையின் இனிப்பை மட்டும் குறித்திருக்காது, நாவுக்கு இசைந்தது எதையும் குறித்திருக்கும் என்பது என் எண்ணம். குழந்தையை ஸேத் என்னும் நார்வேக்காரர் அந்தப் பரந்த பொருளுக்குத் தம்மை அறியாமல் திரும்பியிருக்கிறார்.

வேரின் ஆழத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. ஆகாரம் மூலத்தில் ஆகாரமாகவே இருக்கவில்லை. எகரமும் தொண்டையில் பிறக்கும் மறைந்துபோன ஒரு மெய்யும் சேர்ந்து நீண்டது என்பது இன்றைய கொள்கை. சுவிஸ் மொழியியலாளர் ஃபெர்தினான் த சொசூர் தம் 21 வயதில், வெறும் கணக்குப் போலவே, அத்தகைய ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு படிக்கப்பட்ட, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கி அழிந்த ஹிட்டைட் மொழியின் களிமண் பலகைகளில் அந்த வகை ஒலி எழுத்தாகவே இருந்ததை 1927-இல் போலந்து மொழியியலாளர் குரிலோவிச் எடுத்துக்காட்டினார்.

ஆறாம் படி: அந்தக் கூடுதல் த்

முதல் படியில் ஒதுக்கி வைத்த நடுப்பால் வடிவம் ‘ஸேத்த்’ நினைவிருக்கிறதா? அந்தக் கடைசி த் பெயரடைக்குச் சொந்தமானது அல்ல, சுட்டுப்பெயரிடம் வாங்கியது. ‘அது’ என்ற பொருளில் சமஸ்கிருதத்தில் ‘தத்’. அதன் ஈற்றொலி அடிப்படையில் பந்து-த. ஆங்கிலத்தின் ‘தட்’, ‘இட்’ இரண்டின் கடைசி ஒலியும் அதுவே. இங்கும் கிரிம் விதிதான் வேலை செய்திருக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் தத்துவம் என்ற சொல், ‘தத்’ என்பதோடு தன்மை விகுதி சேர்ந்தது. ஆக, நார்வேயில் ஒருவர் ஆப்பிளை ‘ஸேத்த்’ என்று சொல்லும்போது வரும் இரண்டு தகரங்களில் முதலாவது ஸ்வாதுவின் தகரம், இரண்டாவது தத்துவத்தின் முதற்பகுதியை முடிக்கும் தகரத்தின் உறவு.

ஏழாம் படி: குழிகள்

இதற்குள் பலருக்கு மனம் அரித்திருக்கும்: ஸ்வாது, சுவை. ஒன்றுதானே?

இல்லை. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கியிருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டும். உடன்பிறப்புகளை வரிசையில் நிறுத்தும் அதே முறையை இங்கும் செய்யுங்கள். தமிழில் சுவை, மலையாளத்தில் சுவ, கன்னடத்தில் ஸவி, தெலுங்கில் சவி. முதலில் சகரம், பிறகு உயிர், பிறகு வகரம். எதிலும் தகரத்தின் சுவடே இல்லை. ஸ்வாதுவிலோ வகரம் ஸகரத்தோடு ஒட்டியிருக்கிறது, தகரம் வேரின் எலும்பு. கடன் வாங்கியிருந்தால் தகரம் எங்காவது ஒரு மொழியில் மிஞ்சியிருக்கும். பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் சுவையைத் திராவிடச் சொல்லாகவே வைத்திருக்கிறது. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் எண்ணும் சுவை நம் வீட்டுச் சொல். ‘சுவாது’ என்று ஒரு வடிவம் தமிழ் அகராதிகளில் தனியாக உண்டு. வடமொழியிலிருந்து வந்த விருந்தாளி அதுதான்.

இரண்டாம் குழி எதிர்த்திசையில் இருக்கிறது. நார்வேஜியத்தில் சர்க்கரைக்கு ‘ஸுக்கெர்’. நம் சர்க்கரையோடு இதற்கு உண்மையிலேயே தொடர்பு உண்டு. ஆனால் அது இரத்த உறவு அல்ல, வணிக உறவு. சமஸ்கிருத ‘சர்கரா’ பாரசீகம், அரபு, தென் ஐரோப்பா என்று மூட்டையோடு மூட்டையாகப் பயணம் செய்து வடக்கே போய்ச் சேர்ந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது? மரபாக வந்த சொல்லாக இருந்தால் ககரம் ஜெர்மானியத்தில் ஹகரமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஸுக்கெரில் ககரம் கசங்காமல் இருக்கிறது. மாறாமல் இருப்பதே இங்கே துப்பு. மிக ஒத்திருந்தால் கடன் என்று ஐயப்படு என்பது இந்தத் துறையில் புதியவர்களுக்கு நம்பக் கடினமான பாடம். மரபுச் சொற்களை மட்டும் எடுத்து ஆராயும் நார்வேஜிய அகராதி ஒன்றை பியோர்வான், லிண்டெமான் இருவரும் 2000-இல் வெளியிட்டார்கள். ஸுக்கெர் போன்றவற்றில் தடுமாறும்போது, சொல் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்ல வழக்கம்.

எட்டாம் படி: நீங்களே செய்து பாருங்கள்

மூன்று சொற்களைத் தருகிறேன். தேனை நொதிக்கவைத்துச் செய்யும் பானத்துக்கு நார்வேஜியத்தில் ‘ம்யேத்’ (குவிந்த ஏ, பந்து-த). தமிழில் நாம் வாங்கிக்கொண்ட மது இதன் உறவு. சமஸ்கிருதத்தில் இந்தத் தகரம் மூச்சோடு சேர்ந்த வகை. அந்த வகை ஜெர்மானியத்தில் மூச்சை இழந்து பந்து-தவாகும். அதனால்தான் இங்கே தலை-த வரவில்லை.

அதே விதியை வைத்துச் சிவப்பைக் குறிக்கும் பெயரடை ‘ரே’யைப் பாருங்கள். எழுத்தில் கடைசியில் ஒரு பந்து-த இருக்கிறது, பேச்சில் ஓய்ந்துவிட்டது. சமஸ்கிருதத்தில் ருதிர, சிவப்பும் குருதியும். அது தமிழுக்குள் வரும்போது முதல் ரகரத்தைக் களைந்துவிட்டு உதிரம் ஆனது.

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது. மெலிந்த என்று பொருள்படும் ‘தின்’, உதட்டைக் குவித்துச் சொல்லும் இகரம். முதலில் தலை-த. அப்படியானால் சமஸ்கிருதத்தில் பந்து-த தேட வேண்டும் என்று கிளம்பினால் வழி தவறும். நார்வேஜியத் தலை-தகரத்துக்கு இரண்டு பிறப்பு உண்டு. மூலமொழியின் தலை-த ஜெர்மானியத்தில் பல்லிடை மூச்சொலியாகி, பிறகு நார்வேஜியத்தில் மீண்டும் தலை-தவாகத் திரும்பிவிட்டது. எந்தப் பிறப்பு என்று அறிய ஆங்கிலத்தைக் கேளுங்கள். அது அந்த மூச்சொலியை விடவில்லை. பத்து, இரண்டு ஆகியவற்றில் ஆங்கிலமும் வல்லொலியோடு ‘டென்’, ‘டூ’ என்கிறது, ஆகவே மூலம் பந்து-த. மூன்று நார்வேஜியத்தில் ‘த்ரே’, ஆங்கிலத்தில் மூச்சொலியோடு ‘த்ரீ’, ஆகவே மூலம் தலை-த, திரிசூலத்தின் திரி. மெலிவுக்கும் ஆங்கிலத்தில் மூச்சொலியோடு ‘தின்’ என்பதால் சமஸ்கிருதத்தில் தேட வேண்டியது தலை-த. கிடைப்பது ‘தனு’, மெல்லிய. அதன் வேர் ‘தன்’, நீட்டுதல், நீட்டினால் மெலியும். அந்த வேரில்தான் ‘தந்த்ரீ’, இழுத்துக் கட்டிய நரம்பு. வீணையின் தந்தியும், கம்பி வழியே செய்தி வரத் தொடங்கியபோது நாம் அதற்கு வைத்த பெயரும் அதுவே.